கிணற்றில் விட்ட கிருமித்தின்னி

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்றார் செயலாளர். விலங்கியல் மாணவனான எனக்கு ராஜா ராணி கதை வராது. வழவழப்பின் கதை வரும்.

திருப்பாலைக்குடியில் எங்க அத்தா வத்தையைக் கரையேற்றி, அடியில் பிடித்த வழவழப்பைத் தேங்காய் மட்டையால் தேய்ப்பார். "இன்னைக்குத் தேய்ச்சா நாளைக்கு வந்துரும்டா" என்பார். அந்தப் பேச்சின் பொருள், இறால் குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் விளங்கியது. ஒரு ராத்திரி தொட்டித் தண்ணீர் பச்சையாக மினுங்கியது. விடிந்து பார்த்தால் குஞ்சுகள் அடியில் கிடந்தன. விப்ரியோ ஹார்வேயி என்னும் ஒளிரும் பாக்டீரியாவின் வேலை. குளோரின் போட்டுக் கழுவினோம். அடுத்த தடவையும் அதே கதிதான்! பாக்டீரியாக்கள் தாமே சுரந்த பசைக்குள் கூட்டமாகக் குடியிருக்கும், அதுதான் உயிரிப்படலம். மருந்து மேலோடு போய்விடும், உள்ளே இருப்பவை பிழைத்துக்கொள்ளும்.

இதை உடைக்க வல்ல ஓர் ஆள் உண்டு. அவனுடைய சரித்திரத்தில் நம் நாட்டுக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

1896-இல் ஆக்ராவில் இருந்த ஹாங்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி சில மணி நேரத்தில் செத்துப்போவதைக் கண்டு எழுதினார். காய்ச்சிய நீருக்கு அந்தச் சக்தி இல்லை. (அவர் கண்டது பேஜ்தானா என்று இன்று ஐயப்படுவோரும் உண்டு.) 1915-இல் லண்டனில் ட்வார்ட், 1917-இல் பாரிசில் தெரெல் ஆகியோர் பாக்டீரியாவை அழிக்கும் நுண்பொருளைத் தனித்தனியே கண்டார்கள். 'பாக்டீரியோபேஜ்', அதாவது கிருமித்தின்னி, என்று பெயர் வைத்தவர் தெரெல். அது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்.

1927-இல் தெரெல் இந்தியாவுக்கே வந்துவிட்டார். பஞ்சாப் கிராமங்களில் காலரா நோயாளிகளுக்குப் பேஜைக் குடிக்கக் கொடுத்தார். ஊர்க் கிணறுகளிலும் ஊற்றினார். கிணற்றில் வைரஸை ஊற்றுவதாவது! இன்று யாராவது செய்தால் ஊரே திரண்டு வந்து கட்டி வைக்கும். பிறகு பாட்னாவில் அஷேஷாவ், அசாமில் மாரிசன் என்று அந்த வேலை தொடர்ந்தது. ஆனால் சோதனைகளின் ஒப்பீடு சரியில்லை என்ற குறையும் இருந்தது. 1940-களில் பெனிசிலின் வந்ததும் பேஜை யார் சீந்தினார்கள்? ஜார்ஜியாவின் திபிலிசி போன்ற சில இடங்களில்தான் அது தொடர்ந்து பிழைத்தது.

அது நம் இறாலுக்குத் திரும்பி வந்தது மங்களூர் மீன்வளக் கல்லூரி வழியாக. இந்திராணி கருணாசாகரும் உடன் உழைத்தவர்களும், மருந்துக்கு அடங்காத ஹார்வேயியால் குஞ்சுகள் கூண்டோடு மடிவதை 1994-இல் எழுதினார்கள். அது பிளாஸ்டிக், சிமெண்டு, இரும்புப் பரப்புகளில் படலம் கட்டுவதை 1996-இல் காட்டினார்கள். 2006-இல் மேற்குக் கரைப் பண்ணை நீரிலிருந்து எடுத்த பேஜைத் தொட்டியில் விட்டதில், மருந்து போட்ட தொட்டிகளைவிடக் கூடுதல் குஞ்சுகள் பிழைத்தன. அடுத்த ஆண்டு, பிளாஸ்டிக்கில் ஒட்டிய படலத்திலும் பேஜ் கிருமியைக் குறைத்தது வெளியானது.

எப்படி என்கிறீர்களா? சில பேஜ்களின் வால் நுனியில் பசையை அறுக்கும் நொதி இருக்கிறது. வழி வெட்டி உள்ளே போய், ஒரு பாக்டீரியாவுக்குள் பெருகி, அதை வெடித்து வெளிவந்து பக்கத்து வீட்டைப் பிடிக்கும். குளோரின் போகப்போகக் குறையும். இது இரை உள்ளவரை கூடும்.

மந்திரம் ஒன்றுமில்லை. ஆழத்தில் தூங்கும் பாக்டீரியாவிடம் பேஜ் பலிப்பது குறைவு. பாக்டீரியா அதையும் எதிர்க்கப் பழகிவிடும். அதனால் பல பேஜ்களைக் கலந்து விடவேண்டும். வெள்ளைப்புள்ளி நோய்க்கு இது அறவே உதவாது, அதுவே வைரஸ் நோய்.

ஒரு பேஜ் தனக்கேற்ற இனத்தைத்தான் தொடும் என்பதால், மங்களூர்ப் பேஜ் பாக் நீரிணைக் கிருமியைத் தொடும் என்று சொல்ல முடியாது. விலங்கியல் தம்பி தங்கைகளே, ஒரு போத்தல் கடல்நீர், வடிகட்டி, அகார்த் தட்டு, எங்க ஊர் வரை பஸ் கட்டணம், இவ்வளவு போதும் தேட ஆரம்பிக்க. தங்க எங்க வீடு இருக்கிறது.