எல்லாரும் செத்த பிறகு: ஒரு மேசை விளையாட்டின் சாவுக் கணக்கு

போன மாரியில் ஒரு சனிக்கிழமை இரவு எங்களுடைய ஐந்து பாத்திரங்களும் கால் மணித்தியாலத்துக்குள் செத்துப்போயின. எட்டு மாதமாக வாராவாரம் கூடி, கொப்பியில் எழுதி எழுதி வளர்த்த பாத்திரங்கள். ஒருவன் சிரித்தான். ஒருத்தி கொப்பியை மூடி பையுக்குள் வைத்துவிட்டு போனைப் பார்க்கத் தொடங்கினாள். டன்ஜன் மாஸ்டராக இருந்த நண்பி மட்டும், "நான் என்னடா செய்யிறது, கட்டை அப்பிடி விழுந்திட்டுது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தா. அடுத்த கிழமை இரண்டு பேர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கவும் எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. விளையாட்டில் செத்ததுக்குக் கோவிக்கிறதா என்று ஆரும் நினைப்பார்கள்தானே.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு பேருக்காகத்தான் தொடங்கியது. குழு முழுதும் ஒரே நேரத்தில் அழிவதை விளையாடுகிற ஆக்கள் 'டோட்டல் பார்ட்டி கில்' என்பார்கள். பெயர் வைக்கிற அளவுக்கு அடிக்கடி நடக்கிற காரியம். அப்ப இதை முன்னையவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடிப் பார்த்தோம்.

தாயத்தில் காய் வெட்டுப்பட்டால் என்ன நடக்கும்? திரும்ப வெளியே போய், திரும்பத் தாயம் போட்டு உள்ளே வரும். காய்க்குப் பெயரில்லை, அம்மா அப்பா இல்லை. அதனால் வெட்டுப்பட்டவனுக்கு எரிச்சல் வரும், துக்கம் வராது. 1960களில் அமெரிக்காவில் பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாடியவர்களுக்கும் சாவு இப்படித்தான் இருந்தது. ஒரு பொம்மை விழுந்தால் மேசையிலிருந்து எடுத்து ஓரமாக வைப்பார்கள், அவ்வளவுதான்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் டேவ் ஆர்னெசன். மின்னசோட்டா மாநிலத்தில் 1971இல் அவர் 'பிளாக்மூர்' என்ற ஆட்டத்தைத் தொடங்கினார். அதில் ஒவ்வொருவருக்கும் படை கிடையாது, ஒரே ஒரு ஆள்தான். பழைய போர் விதிப்படி கட்டை ஒருதரம் பிழையாக விழுந்தால் அந்த ஆள் காலி. ஆட்டக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. தங்கட ஆளோடு ஒட்டிப்போய்விட்டார்கள். ஆர்னெசன் என்ன செய்தார் என்றால், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால இரும்புக் கவசக் கப்பல்களை வைத்து விளையாடுகிற விதியிலிருந்து ஒரு கணக்கை எடுத்துக்கொண்டுவந்தார். ஒரு கப்பல் மூழ்க முதல் எத்தனை அடி தாங்கும் என்ற கணக்கு, மனிச உடம்புக்கு வந்தது. இன்று எந்த வீடியோ கேமிலும் மேலே ஓடுகிற உயிர்க்கோடு இதனுடைய பேரப்பிள்ளைதான். எங்களுக்கு இந்தக் கதையில் பிடித்தது என்னவென்றால், அந்தக் கணக்கு வந்ததே ஆரோ தன் ஆள் சாகக்கூடாது என்று அடம்பிடித்ததால்தான்.

1974இல் ஆர்னெசனும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' விதிநூலை வெளியிட்டபோது, செத்தவரை எழுப்புகிற மந்திரமும் அதில் இருந்தது. மதகுரு பாத்திரம் கொஞ்சம் முன்னேறினால் அதைப் பாவிக்கலாம். ஆனால் ஓட்டை எங்கே என்று பாருங்கள்: மந்திரம் சொல்ல ஒருவர் மிஞ்ச வேண்டும். எல்லாரும் செத்தால் மதகுருவும் அந்தக் குவியலுக்குள்தான் கிடப்பார். தனிச் சாவுக்கு மருந்து இருந்தது, கூட்டுச் சாவுக்கு இல்லை.

அடுத்த வருசமே கைகாக்ஸ் அந்தக் கூட்டுச் சாவுக்கென்றே ஒரு கல்லறையைக் கட்டினார். 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்று பெயர். 1975இல் பால்டிமோரில் நடந்த முதலாவது ஒரிஜின்ஸ் விளையாட்டு மாநாட்டில் போட்டி ஆட்டமாக வைத்தார். வாசலே இரண்டு பொய் வாசல்களோடு தொடங்கும். உள்ளே சுவரில் பச்சை நிறத்தில் ஒரு பேய்முகம், வாய் திறந்து இருட்டாக இருக்கும். வழி என்று நினைத்து அதற்குள் நுழைந்தவர் நுழைந்தவர்தான். சண்டையில்லை, கட்டை போட்டுத் தப்புகிற வாய்ப்பும் இல்லை, எழுப்புவதற்கு உடம்புகூட மிஞ்சாது. கடைசி அறையில் அசெரெராக் என்ற மந்திரவாதியின் மண்டையோடு.

கைகாக்ஸ் இதை எழுதியது, எதையும் வெல்லுவோம் என்று நினைத்த தன் கெட்டிக்கார ஆட்டக்காரர்களுக்குச் சவால் விடத்தான். அவர்களில் ஒருவர் ரொப் குன்ட்ஸ். அவருடைய ரோபிலார் என்ற பாத்திரம் கல்லறைக்குள் போனபோது, தன்னிடம் வேலைசெய்த ஓர்க்குகளை முன்னாலே அனுப்பி ஒவ்வொரு பொறியிலும் ஒவ்வொருவராகச் சாகவிட்டு, கடைசி அறையில் மண்டையோடு அசையத் தொடங்கியதும் புதையலை வாரிக்கொண்டு ஓடிவந்துவிட்டது. கெட்டித்தனம்தான். ஆனால் செத்த ஓர்க்குகளின் பெயரை ஆரும் எழுதிவைக்கவில்லை என்பதையும் நாங்கள் கவனித்தோம்.

இங்கேதான் எங்களுக்கு ஒரு விசயம் விளங்கியது. போட்டியில் உங்களுக்குத் தரப்படுவது ஏற்கெனவே எழுதி வைத்த பாத்திரம். காலையில் கையில் வாங்கி, பின்னேரம் கொடுத்துவிட்டுப் போவீர்கள். எல்லாரும் செத்தால், எவ்வளவு தூரம் போய்ச் செத்தீர்கள் என்று மற்றக் குழுக்களோடு ஒப்பிடலாம், அதுவும் ஒரு பகிடி. 1978இல் அதே கல்லறை புத்தகமாக அச்சாகிக் கடைக்கு வந்தது. அதை வாங்கிய பெடியள், வருசக்கணக்காகத் தாங்கள் வளர்த்த பாத்திரங்களோடு உள்ளே போனார்கள். ஒரு நாள் போட்டிக்கென்று செய்த கத்தி, வீட்டுக் குசினிக்குள் வந்த மாதிரி. எங்கட பார்வையில், குழுச் சாவு பற்றிய பாதி மனக்கசப்பு இந்த இடமாற்றத்தில்தான் தொடங்குகிறது.

கைகாக்ஸ் ஈவிரக்கமில்லாதவர் என்று ஒரு பேச்சு உண்டு. முழுதும் சரியில்லை. 1979இல் வந்த டன்ஜன் மாஸ்டருக்கான நூலில், ஆட்டக்காரர் எல்லாம் ஒழுங்காகச் செய்தும் கட்டை மட்டும் கைவிட்டால், சாகடிக்காமல் மயக்கமடைய விடலாம், ஒரு கையையோ கண்ணையோ எடுத்துக்கொண்டு உயிரை விடலாம் என்று அவரே அனுமதி தருகிறார். முட்டாள்தனத்துக்கு மட்டும் மன்னிப்பில்லை.

1980களில் ஆளுக்கொரு வழி பிடித்தார்கள். 1981இல் வந்த 'கோல் ஆஃப் கதுல்ஹு' சாவையும் பைத்தியத்தையும் தொடக்கத்திலேயே எதிர்பார்க்கச் சொன்னது. 1984இல் வந்த 'பரனோயா' ஒவ்வொருவருக்கும் ஆறு நகல் உடம்பு கொடுத்துச் சாவைச் சிரிப்பாக்கியது. அதே வருசம் தொடங்கிய 'ட்ராகன்லான்ஸ்' ஆட்டங்களுக்கு வேறு பிரச்சினை. கதை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததால் நாயகர்கள் இடையில் சாக ஏலாது. அதனால் உடம்பு கண்ணில் படாத மாதிரிச் சாகட்டும், பிறகு திரும்ப வரலாம் என்று ஒரு விதி. எங்களுக்கு இது பிடிக்கவில்லை. சீரியலில் மலையிலிருந்து விழுந்தவர் நூறாவது எபிசோட்டில் தாடியோடு வருவது போல.

அந்த 1984இல்தான் ஜாக் சிக் என்பவர் இந்த விளையாட்டு சாத்தானுடையது என்று ஒரு சிறு சித்திரப் பிரசுரம் போட்டார். அதில் ஒரு பிள்ளையின் பாத்திரம் பொறியில் செத்ததும் அவளை மேசையை விட்டு எழும்பிப் போகச் சொல்கிறார்கள். அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். விளையாட்டைப் பற்றி அதில் உள்ளது அனேகமாகப் பொய். ஆனால் எழும்பிப் போ என்ற அந்த ஒரு இடத்தில் நாங்கள் கொஞ்சம் நின்றுவிட்டோம். பாத்திரம் செத்தால் மனிசர் மேசையை விட்டு விலகவேண்டுமா?

2015இல் ஸ்டீபன் டூயி வெளியிட்ட 'டென் கான்டில்ஸ்' இதைத் தலைகீழாக்கியது. பத்து மெழுகுதிரி கொளுத்தித் தொடங்குவார்கள். முடிவில் எல்லாப் பாத்திரமும் சாகும். அது எல்லாருக்கும் முதலே தெரியும். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தின் கடைசிச் செய்தியைக் குரலில் பதிவுசெய்வார்கள். கடைசித் திரி அணைந்து எல்லாம் முடிந்தபின், இருட்டுக்குள் அந்தக் குரல்களைப் போட்டுக் கேட்பார்கள். அதுவரை ஒருவரும் எழும்பிப் போவதில்லை.

எங்கட குழுவில் அந்த இரண்டு பேருக்கும் ஒருவழியாகக் கோல் எடுத்தோம். ஒருத்தி சொன்னாள், செத்தது பிரச்சினையில்லையாம், செத்த உடனே நாங்கள் கொத்துரொட்டி ஓடர் பண்ணுவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியதுதான் பிரச்சினையாம். அவளுடைய பாத்திரத்துக்கு ஒரு தம்பி இருந்தான், அவனுக்கு ஆர் செய்தி சொல்லுவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாளாம்.

அடுத்த சனிக்கிழமை புதுப் பாத்திரங்களோடு அதே குகைக்குப் போனோம். தம்பியை அவளே விளையாடினாள். முதல் அறையில் ஐந்து பைகள் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே என்ன இருந்தது என்று பழைய கொப்பியைப் பார்த்து வாசிக்கவே அன்றைய இரவு முடிந்துவிட்டது.