துண்டுக் கடனும் சேமலாப நிதியும்

தோட்டத் தொழிலாளர் சேமிக்கத் தெரியாதவர் என்று பழிப்போர் பலர். பழிக்குமுன் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தல் நன்று.

பதுளை, பசறை, லுணுகலைப் பகுதிகளின் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்தபோது கையில் முதல் இல்லை. தலையில் கடன் இருந்தது. வழிச்செலவுக்குக் கங்காணி கொடுத்த முற்பணம் அவர்கள் பேரில் ஏறி நின்றது. வேறு தோட்டத்துக்குப் போகவேண்டின் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்று எழுதிய சீட்டு அது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். கடனோ ஆளோடு கூடவே நடந்து போகும். 1921 இல் சட்டம் துண்டை ஒழித்தது. வருங்கால உழைப்பை முன்னரே ஈடுவைத்துவிட்ட குடும்பம் முதுமைக்கென்று எதனை ஒதுக்கும்?

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியை நிறுவியது. அப்போது தொழில் அமைச்சராயிருந்தவர் டி. பி. இலங்கரத்ன. இன்று சம்பளம் கைக்கு வருமுன்னரே நூற்றுக்கு 8 வீதம் பிடிக்கப்படுகிறது. தொழில்தருநர் 12 வீதம் சேர்க்கிறார். மனிதன் நாளையை மறப்பவன் என்பதே இத்தகைய சட்டத்தின் அடிப்படை. ஆயினும் ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது நிரம்பி, வேலையினின்று நீங்கியதும் தொகை முழுவதும் ஒருமிக்கக் கிடைக்கிறது. முப்பது ஆண்டுகள் நம்பாத கையைச் சட்டம் அந்த ஒரு நாளில் முற்றாக நம்பிவிடுகிறது!

அப்பணம் போகும் வழியை அறிவோம்: மகளின் கலியாணம், அடகிலுள்ள நகை, பழைய கடைக்கடன். இவற்றைக் குறுகிய பார்வை என்று சொல்ல எனக்கு நாக் கூசுகிறது. அரசாங்க உத்தியோகத்தனாகிய எனக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வரும். அதில் என் முன்யோசனை இம்மியும் இல்லை.

தனியார் துறையினருக்கும் ஓய்வூதியம் வகுக்க 2011 இல் ஒரு சட்டமூலம் வந்தது. கட்டுநாயக்கவில் ஆடைத்தொழிலாளர் எதிர்த்தெழுந்தனர். மே 30 ஆம் நாள் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் காயமுற்ற இளந்தொழிலாளி ஒருவர் பின்னர் உயிரிழந்தார், சட்டமூலம் மீளப்பெறப்பட்டது. அவர்கள் முதுமையை மறந்தவர்களல்லர். தங்கள் பணத்தை வைத்திருப்பவரை நம்பாதவர்கள். மறு ஆண்டில் வந்த திருத்தமோ, வீட்டுக்கும் மருத்துவத்துக்குமெனச் சேமலாப நிதியில் 30 வீதம் வரை முன்னரே எடுக்க இடமளித்தது.

மாதப்படியாகப் பெறுவதா, ஒருமிக்கப் பெறுவதா என்று தொழிலாளியிடமே கேட்டு, அவர் மொழியிலேயே கணக்குக் காட்டி, ஒரு பங்கையேனும் மாதப்படியாக்கும் ஏற்பாட்டை நான் விரும்புகிறேன். கணக்கு முதலில் பிரட்டுக்களத்துக்கு வரட்டும். சட்டம் பின்னர் வரலாம்.