எடுக்கப்படாத அழைப்புகள்

கைப்பேசியின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் யந்திரத்தின் சரித்திரத்தை மட்டுமே எழுதுகிறார்கள். எந்த ஆண்டில் திரைக்கு வர்ணம் வந்தது, எந்த ஆண்டில் காமிரா வந்து ஒட்டிக்கொண்டது என்ற கணக்கோடு அவர்கள் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். நான் வைத்திருந்த கைப்பேசிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கும்போதோ, அவற்றின் உருவத்துக்கு முன்னால், அந்தந்தக் காலத்தில் ஒரு நிமிஷப் பேச்சு என்ன விலைக்கு விற்றது என்பதே ஞாபகத்துக்கு வருகிறது. நம் ஜனங்கள் எப்போது பேசினார்கள், எப்போது பேசாமல் காரியத்தைச் சாதித்துக்கொண்டார்கள் என்பதை நிர்ணயித்தது அந்த விலைதான் என்பது என் அபிப்பிராயம்.

1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி, கல்கத்தாவில் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து மேற்கு வங்க முதல் மந்திரி ஜோதி பாசு, டில்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமோடு பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் சம்பாஷணை. அந்நாளில் நெரிசல் வேளைக் கட்டணம் நிமிஷத்துக்கு 16 ரூபாய்க்கு மேல் இருந்தது. அதோடு, அழைத்தவர் மட்டுமன்றி அழைக்கப்பட்டவரும் பணம் கட்டியாக வேண்டும் என்ற விசித்திரமான நியதியும் இருந்தபடியால், யாரோ ஒருவர் எண்ணைத் தவறாக அழுத்திவிட்டு மன்னிப்புக் கேட்டால், அந்த மன்னிப்புக்கும் அதைக் காதில் வாங்கியவர் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. இடுப்பு பெல்ட்டில் போனைச் செருகிக்கொண்டிருந்த கனவான்கள், மணி அடித்ததும் எண்ணை மட்டும் பார்த்து அதை அடக்கிவிட்டு, தெருமுனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டுப் பேசுவதை அக்காலத்தில் சர்வசாதாரணமாகக் காணலாம்.

1999-ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, கம்பெனிகளின் கழுத்தை இறுக்கிய லைசென்ஸ் கட்டணத்தை மாற்றி வருமானத்தில் பங்கு என்று ஆக்கியது, 2002-இல் பி.எஸ்.என்.எல். நிறுவனமும் செல்போன் சேவையில் இறங்கியது. 2003 மே மாதத்திலிருந்து, நமக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. போன் வைத்திருப்பது வேறு, பேசுவது வேறு என்ற நிலை அப்போதுதான் உண்டாயிற்று. காசே இல்லாதவனும் மற்றவர்கள் கூப்பிடுவதற்காக ஒரு போன் வைத்திருக்கலாம் என்றானது.

அதே 2003-இல் வெளிவந்த நோக்கியா 1100 என் கைக்கும் வந்தது. தூசி புகாத ரப்பர் விசைப்பலகையும், ‘சி’ என்ற விசையை அழுத்திப் பிடித்தால் தலைப்பில் எரியும் சிறு விளக்கும் உடைய அந்த சாதனம் உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றதாம். மின்சாரம் போன ராத்திரிகளில் மாடிப்படி இறங்கியதும், ஃபியூஸ் கட்டையைத் தேடியதும் அதன் வெளிச்சத்தில்தான். பேசியதைவிட விளக்குப் பிடித்ததே அதன் பிரதான உபயோகம் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த நாட்களில்தான் மிஸ்டு கால் என்ற கலை பரிபூரணம் அடைந்தது. மறுமுனையில் எடுத்தால்தான் காசு கழியும், வெறும் மணிக்குக் கட்டணம் கிடையாது என்ற ஓட்டையை ஜனங்கள் கண்டுகொண்டார்கள். ஒரு மணி அடித்து நின்றால் வாசலுக்கு வந்துவிட்டேன் என்று அர்த்தம். இரண்டு அடித்தால் ஆபீஸிலிருந்து கிளம்பியாயிற்று, குக்கரை ஏற்றலாம். ஊருக்குப் போன பிள்ளை விடிகாலையில் விடும் ஒற்றை மணிக்கு, சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தேன் என்று பொருள். யார் யாருக்கு மிஸ்டு கால் கொடுக்கலாம் என்பதிலும் ஒரு மரியாதை இருந்தது. மகன் தகப்பனாருக்குக் கொடுக்கலாம், மாப்பிள்ளை மாமனாருக்குக் கொடுக்கலாகாது; கடன் கொடுத்தவனுக்குக் கடன் வாங்கியவன் கொடுத்தால் அது அதிகப்பிரசங்கித்தனம். கம்பெனிகளுக்கு இதனால் ஒரு காசும் கிடையாது. ஆயினும் இந்தப் பழக்கத்தையே மூலதனமாகக் கொண்டு பெங்களூரில் தொடங்கிய ஜிப்டயல் என்ற நிறுவனத்தை 2015-இல் ட்விட்டரே விலைக்கு வாங்கிற்று.

குறுஞ்செய்தி விஷயத்தில் கம்பெனிகள் அவ்வளவு ஏமாறவில்லை. மாதம் முழுவதும் மலிவாக அனுப்ப எஸ்.எம்.எஸ். பேக் விற்பார்கள், தீபாவளி, புத்தாண்டு போன்ற தினங்களில் மட்டும் அது செல்லாது, முழுக் கட்டணம் என்பார்கள். பண்டிகை நாளில் விலையை ஏற்றும் பூக்காரியிடமாவது பேரம் பேசிப் பார்க்கலாம். இவர்களிடம் எங்கே பேசுவது? ஆகவே நாங்கள் வாழ்த்துக்களையெல்லாம் முதல் நாள் இரவு பன்னிரண்டு மணிக்குள் அனுப்பி முடித்துவிட்டு, எண்ணெய் ஸ்நானத்துக்கு முன்பே தீபாவளியைக் கொண்டாடித் தீர்த்தோம்.

2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை, 2014 நவம்பர் 1-ஆம் தேதி மூடப்பட்டது. அதற்குள் நான் தொடுதிரைக்கு மாறியிருந்தேன். பிறகு வந்த போன்களைப் பற்றி விசேஷமாகச் சொல்ல எதுவும் இல்லை, எல்லாம் ஒரே கண்ணாடிப் பலகை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, உள்நாட்டுப் பேச்சுக்குத் தனிக் கட்டணமே கிடையாது என்றதும், மற்றவர்களும் அதே வழிக்கு வர நேர்ந்தது. மணி அடித்து நிறுத்துவதற்கு இருந்த காரணம் அதோடு அற்றுப்போயிற்று.

காரணம் போனாலும் வழக்கம் போகவில்லை. மாயவரத்தில் இருக்கும் என் அத்தை, அளவற்ற பேச்சுக்குப் பணம் கட்டிய போனிலிருந்து இன்றும் எனக்கு ஒரே மணிதான் விடுகிறாள். தற்செயலாக நான் உடனே எடுத்துவிட்டால் அவளுக்குப் பதற்றம் வந்துவிடுகிறது: “ஏண்டா எடுத்தே? நீ கூப்பிடுவியேன்னுதானே அடிச்சேன்? வெச்சுடு, வெச்சுட்டுக் கூப்பிடு!” நானும் வைத்துவிட்டுக் கூப்பிடுகிறேன், பிறகு முக்கால் மணி நேரம் பேசுகிறாள்.