அடைக்கப்பட்ட ஐயங்கள்: ‘ஆய்வு 329’உம் மருத்துவ ஆய்வின் மீதான பொது நம்பிக்கையும் (1994–2015)

ஆய்வுச்சுருக்கம்

மருந்து நிறுவனங்களின் செல்வாக்கால் மருத்துவ ஆய்வு நம்பகத்தன்மையை இழக்கிறது என்பது பரவலான கருத்து. இவ்விழப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதை வளரிளம் பருவத்தினரிடம் பாராக்சிடின் மருந்தைச் சோதித்த ‘ஆய்வு 329’இன் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அம்மருந்து பற்றிய ஐயங்கள் தொடக்கம் முதலே பலரிடம் இருந்தன என்பதும், அவை பொதுவெளிக்கு வராமல் கோப்புகளுக்குள் அடைக்கப்பட்டிருந்தன என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: மருந்துச் சோதனை, பாராக்சிடின், நிழல் எழுத்து, துறைவல்லுநர் மதிப்பாய்வு, சோதனைப் பதிவேடு.

முன்னுரை

மருத்துவ இதழில் வெளிவரும் ஒரு கட்டுரையை மருத்துவர் நம்புகிறார். மருத்துவரை நோயாளர் நம்புகிறார். இச்சங்கிலியின் முதல் கண்ணி பழுதுபட்டால் மற்றவை அறியாமலே பழுதுபடுகின்றன. இதற்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படும் நிகழ்வுகளுள் ‘ஆய்வு 329’ முதன்மையானது. இதனைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு விளக்கங்களுள் ஒன்றைத் தருகின்றனர். ஒன்று, நிறுவனத்தின் இலாப வேட்கை. மற்றொன்று, துறைவல்லுநர் மதிப்பாய்வின் தோல்வி. முதலாவது உண்மை, ஆயினும் அது எல்லா நிறுவனங்களுக்கும் எல்லாக் காலத்திலும் பொருந்துவதால் இந்நிகழ்வைத் தனித்து விளக்கப் போதுமானதன்று. இரண்டாவது விளக்கத்தை ஆவணங்கள் ஏற்கவில்லை. மதிப்பாய்வாளர்கள் உறங்கிவிடவில்லை; கேட்கவேண்டிய வினாக்களைக் கேட்டனர். அவ்வினாக்கள் சென்று சேர்ந்த இடமே நாம் ஆராய வேண்டியது.

இவ்வாய்வு தொடர்பான கடிதங்களும் நிறுவனக் குறிப்புகளும் அமெரிக்க நீதிமன்ற வழக்குகளின் வழியே வெளிவந்தவை. வழக்குகள் இல்லையேல் இவ்வரலாற்றை எழுதுவதற்கான மூலங்களே கிடைத்திரா என்பதை முதலிலேயே குறிப்பிடுதல் தகும்.

திட்டமும் முடிவும்

பாராக்சிடின், ஸ்மித்க்ளைன் பீச்சம் நிறுவனத்தின் மனச்சோர்வு மருந்து. அமெரிக்காவில் ‘பாக்சில்’ என்றும் பிரிட்டனில் ‘செராக்சாட்’ என்றும் விற்கப்பட்டது. 1992 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதனைப் பெரியவர்களுக்கு அனுமதித்தது. அனுமதி பெற்ற மருந்தை மருத்துவர் தம் முடிவின்படி சிறாருக்கும் எழுதித்தரலாம். ஆனால் அனுமதி பெறாத பயன்பாட்டை நிறுவனம் விளம்பரப்படுத்தல் சட்டப்படி குற்றம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் ஓர் இதழ்க் கட்டுரைக்கு வணிக மதிப்பு உண்டாகிறது. நிறுவனம் சொல்லக்கூடாததைக் கட்டுரை சொல்லலாம்.

1994இல் நோயாளர் சேர்க்கை தொடங்கியது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 12 மையங்களில், 12 முதல் 18 வயதுக்குட்பட்ட 275 பேர் சேர்க்கப்பட்டனர். 93 பேருக்குப் பாராக்சிடின், 95 பேருக்கு இமிப்ரமின் என்னும் பழைய மருந்து, 87 பேருக்கு மருந்துப்போலி. யார் எதைப் பெறுகிறார் என்பது நோயாளருக்கும் மருத்துவருக்கும் தெரியாது. எட்டு வார முடிவில் ஹாமில்டன் மனச்சோர்வு அளவுகோலைக் கொண்டு இரண்டு முதன்மை விளைவுகளை அளப்பது என்று திட்ட ஆவணம் வரையறுத்திருந்தது. அவற்றுடன் ஆறு துணை விளைவுகளும் குறிக்கப்பட்டிருந்தன.

இவ்வாறு முன்கூட்டியே வரையறுத்தல் ஏன் இன்றியமையாதது என்பதை மருத்துவப் புள்ளியியல் அறியாதவர்க்கும் விளக்கலாம். அம்பு தைத்த இடத்தைச் சுற்றிப் பின்னர் வட்டம் வரைபவன் ஒருபோதும் குறி தவறுவதில்லை. சோதனையில் எத்தனையோ அளவைகள் எடுக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றிரண்டு தற்செயலாகவே சாதகமாக அமையும். ஆகவே வட்டம் முதலில் வரையப்பட வேண்டும்.

ஆய்வு 329இல் முதலில் வரையப்பட்ட வட்டங்கள் எட்டு. அவற்றுள் ஒன்றில்கூடப் பாராக்சிடின் மருந்துப்போலியைவிடப் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க மேன்மையைக் காட்டவில்லை.

நிறுவனம் இதனை அறிந்திருந்தது. 1998 அக்டோபரில் அதன் உள்சுற்றுக் குறிப்பு ஒன்று, ஆய்வு 329உம் அதனோடு நடந்த ‘ஆய்வு 377’உம் பயன்விளைவை நிறுவப் போதுமானவையல்ல என்று ஏற்றுக்கொண்டது. ஆனால், பயன்விளைவு நிறுவப்படவில்லை என்று மருந்துக் குறிப்பில் சேர்த்தல் வணிக நோக்கில் ஏற்கத்தக்கதன்று எனவும், எதிர்மறையான வணிக விளைவு குறையும் வண்ணம் தரவுகள் வெளியிடப்பட வேண்டும் எனவும் அது அறிவுறுத்தியது. இக்குறிப்பைக் கனடிய மருத்துவச் சங்க இதழ் 2004இல் வெளிக்கொணர்ந்தது. ஐயம் முதலில் தோன்றிய இடம் நிறுவனத்தின் அலுவலகமே என்பது நோக்கத்தக்கது.

கட்டுரை உருவான விதம்

கட்டுரையின் முதல் வரைவை எழுதியவர் அதன் ஆசிரியர்களுள் ஒருவரல்லர். நிறுவனத்திடம் ஊதியம் பெற்ற மருத்துவ எழுத்து நிறுவனம் ஒன்று அதனை உருவாக்கியது. அச்சில் முதலாசிரியராக நின்றவர் பிரவுன் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் மார்ட்டின் கெல்லர். அவருடன் 21 பெயர்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் நிறுவன ஊழியர்களும் அவற்றுள் அடங்குவர். வரைவை எழுதியவருக்குக் கட்டுரையின் இறுதியில் ‘பதிப்புத்துணை’ புரிந்தமைக்கான நன்றி மட்டுமே கிடைத்தது. தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் ஒருவர் உழைப்பில் பிறர் பெயர் ஏறிய நூல்களை நாம் அறிவோம்; அங்கு இழப்பு உழைத்தவருக்கு. இங்கோ பெயர்களின் பெருமையே விற்பனைப் பொருளாகியது, இழப்பு படிப்பவருக்கு.

கட்டுரை முதலில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழுக்கு அனுப்பப்பட்டது. 1999இல் அவ்விதழ் அதனை நிராகரித்தது. பின்னர் அமெரிக்கச் சிறார், வளரிளம் பருவ மனநல மருத்துவக் கழகத்தின் இதழுக்குச் சென்றது. அங்கும் மதிப்பாய்வாளர்கள் தடையெழுப்பினர். மருந்துப்போலி பெற்றோரே பெரும் எண்ணிக்கையில் குணமடைந்திருக்க, இம்மருந்தை முதல்நிலைச் சிகிச்சையாகக் கொள்ளலாமா என்று வினவினர். கடுமையான பக்கவிளைவுகளின் உயர்ந்த விகிதம் விவாதப் பகுதியில் பேசப்படவில்லை என்றும் சுட்டினர். ஜான் ஜூரைடினியும் லீமன் மெக்ஹென்றியும் வழக்கு ஆவணங்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையால் இவ்வினாக்கள் தெரியவந்தன. 2001 ஜூலையில் கட்டுரையைப் படித்த மருத்துவருக்கு அவை தெரிய வாய்ப்பில்லை. அவர் கண்டது, பாராக்சிடின் வளரிளம் பருவத்தினருக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது, பயனுடையது என்னும் முடிவுரையை மட்டுமே.

அம்முடிவுக்கு எப்படி வந்தனர்? திட்ட ஆவணத்தில் இல்லாத அளவைகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் சாதகமான நான்கு முன்னிறுத்தப்பட்டன. பாதுகாப்புப் பகுதியில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. பாராக்சிடின் பெற்ற 11 பேருக்குக் கடுமையான பாதகங்கள் நேர்ந்தன என்று கட்டுரையே கூறுகிறது. அவற்றுள் தலைவலி ஒன்று மட்டுமே மருந்தோடு தொடர்புடையதாக ஆய்வு மருத்துவரால் கருதப்பட்டது என்றும் சேர்த்துக் கூறுகிறது. ஐவருக்கு நேர்ந்தது ‘உணர்ச்சித் தளம்பல்’ என்னும் தலைப்பின்கீழ் வைக்கப்பட்டது. தற்கொலை எண்ணமும் தற்கொலைச் செய்கையும் அச்சொல்லுக்குள் அடங்கியிருந்தன. எண்கள் மறைக்கப்படவில்லை, பெயரிடல் மட்டுமே மாறியது. சொல்லாராய்ச்சியில் பழகிய தமிழாய்வாளர்கள் இவ்விடத்தில் சற்று நின்று நோக்கலாம். ஒரு கலைச்சொல் துல்லியம்போல் தோன்றிக்கொண்டே பொருளை மறைக்க வல்லது.

2001 ஆகஸ்டில் இக்கட்டுரையின் படிகள் விற்பனைப் பிரதிநிதிகளுக்கு அனுப்பப்பட்டன. உடன் சென்ற குறிப்பு, வளரிளம் பருவ மனச்சோர்வில் மருந்தின் பயனும் பாதுகாப்பும் குறிப்பிடத்தக்கன என்று புகழ்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இறுதியில் நிறுவனம் கிளாக்ஸோ வெல்கமுடன் இணைந்து கிளாக்ஸோஸ்மித்க்ளைன் ஆகியிருந்தது. ஆய்வு 377 அப்போது வெளியிடப்படவேயில்லை.

ஐயம் வெளிவந்த வழிகள்

2002இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் மருத்துவ மதிப்பீட்டாளர் இதனைத் தோல்வியுற்ற சோதனையாகவே கருதவேண்டும் என்று எழுதினார். அது விண்ணப்ப மதிப்பீட்டுக் கோப்பில் இருந்தது. அதே மதிப்பீட்டாளர், மனச்சோர்வு மருந்துகளுக்கும் சிறாரின் தற்கொலை முயற்சிகளுக்கும் தொடர்பு இருப்பதாகப் பின்னர் முடிவு கண்டபோது, 2004 பிப்ரவரி ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் அம்முடிவை முன்வைக்க நிர்வாகம் அவரை அனுமதிக்கவில்லை. நிறுவனம், இதழ், அரசு ஆகிய மூன்றிலும் ஐயம் எழுந்தது. மூன்றிலும் அது கோப்போடு நின்றது.

அதனைக் கோப்பிலிருந்து வெளியே இழுத்தவை வேறு ஆற்றல்கள். 2002 அக்டோபரில் பிபிசியின் ‘பனோரமா’ செராக்சாட் பற்றிய நிகழ்ச்சியை ஒளிபரப்பியது; பயன்படுத்தியோர் ஆயிரக்கணக்கில் தம் அனுபவங்களைத் தெரிவித்தனர். 2003 ஜூனில் பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், 18 வயதுக்குட்பட்டோரின் மனச்சோர்வுக்கு இதனைப் பயன்படுத்தலாகாது என அறிவித்தது. 2004 ஜூனில் நியூயார்க் மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரி எலியட் ஸ்பிட்சர், பாதகமான ஆய்வுகளை மறைத்தது மோசடி என்று வழக்குத் தொடுத்தார். ஆகஸ்டில் 25 இலட்சம் டாலருக்கு அவ்வழக்கு முடிவுற்றது. தொகை அந்நிறுவனத்துக்குப் பொருட்டன்று. தன் சோதனைகளின் சுருக்கங்களை இணையத்தில் வெளியிட அது ஒப்புக்கொண்டதே பெரிது. அக்டோபரில் மனச்சோர்வு மருந்துகள் அனைத்தின் குறிப்பிலும் சிறார், வளரிளம் பருவத்தினர் தொடர்பான கறுப்புக் கட்ட எச்சரிக்கை இடம்பெற அமெரிக்க நிர்வாகம் ஆணையிட்டது.

பிரிட்டனில் நான்காண்டு நீடித்த குற்ற விசாரணை 2008இல் வழக்கின்றி முடிந்தது. பாதகமான தரவுகளை உடனே தெரிவிக்கும் கடமையை அன்றைய சட்டம் தெளிவாக வரையறுக்கவில்லை என்பதே காரணம். அமெரிக்காவில் 2012 ஜூலையில் கிளாக்ஸோஸ்மித்க்ளைன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பாக்சிலோடு வேறு மருந்துகள் தொடர்பான குற்றச்சாட்டுகளையும் சேர்த்து, 300 கோடி டாலர் செலுத்த இசைந்தது. அரசின் குற்றச்சாட்டில் இந்த இதழ்க் கட்டுரை பொய்யானதும் தவறான வழியில் செலுத்துவதுமாகும் எனச் சுட்டப்பட்டிருந்தது.

பதிவேடும் அதன் எல்லையும்

2004 செப்டம்பரில் மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, நோயாளர் சேர்க்கைக்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதியப்படாத சோதனைகளை வெளியிடுவதில்லை என்று முடிவு செய்தது. 2005 ஜூலைக்குப் பின் தொடங்கும் சோதனைகளுக்கு இது பொருந்தியது. இதன் அலை இந்தியாவையும் எட்டியது. 2007 ஜூலை 20இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இந்தியச் சோதனைப் பதிவேடு தொடங்கப்பட்டது. 2009 ஜூன் 15 முதல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி பதிவைக் கட்டாயமாக்கினார். தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இன்று நடைபெறும் மருந்துச் சோதனையின் முதன்மை விளைவு எது என்பதை எவரும் அப்பதிவேட்டில் தேடிக் காணலாம். முதலில் வரையப்பட்ட வட்டம் இப்போது பொதுச் சுவரில் உள்ளது.

ஆனால் ‘உணர்ச்சித் தளம்பல்’ என்னும் சொல்லைப் பதிவேடு பிடிக்காது. அதற்கு நோயாளர் பதிவுப் படிவங்கள் வேண்டும். சுவடியோடு ஒப்பிடாமல் அச்சுப் பதிப்பின் பாடத்தை எவ்வாறு உறுதிசெய்ய இயலாதோ அதுபோன்றதே இதுவும். 2013இல் ‘பிரிட்டிஷ் மருத்துவ இதழ்’ வெளியிட்ட முன்மொழிவு ஒன்று, கைவிடப்பட்ட அல்லது தவறாக வெளியிடப்பட்ட சோதனைகளைப் பிறர் மீட்டெழுதலாம் என அழைப்பு விடுத்தது. ஜோவானா லே நூரி, டேவிட் ஹீலி, ஜூரைடினி முதலியோர் அடங்கிய குழு ஆய்வு 329ஐ எடுத்துக்கொண்டது. 2015 செப்டம்பரில் வெளியான அவர்களது மறுபகுப்பாய்வின்படி, பாராக்சிடினோ இமிப்ரமினோ மருந்துப்போலியைவிடப் பயன் தரவில்லை. இரண்டிலும் பாதகங்கள் மிகுதி. மருந்தைப் படிப்படியாக நிறுத்தும் கட்டத்தையும் சேர்த்து, பாராக்சிடின் பெற்றோருள் 11 பேரிடம் தற்கொலை எண்ணமோ தற்கொலை, தன்னூறு சார்ந்த செய்கையோ பதிவாகியிருந்தது. இம்மறுபகுப்பாய்வு வெளிவந்த பின்னும் 2001ஆம் ஆண்டின் கட்டுரையை அதன் இதழ் திரும்பப் பெறவில்லை.

படிவங்கள் ஏறத்தாழ 77,000 பக்கங்கள். நிறுவனம் அவற்றைக் கையில் தரவில்லை. தொலைவிலிருந்து ஒரு கணினித் திரை வழியே, ஒரு நேரத்தில் ஒரு பக்கமாக மட்டுமே பார்க்க அனுமதித்தது. இவ்வகையில் 275 நோயாளருள் 93 பேரின் படிவங்களையே அக்குழுவால் படிக்க முடிந்தது.