இன்னும் ஒருக்கா எழுதிப் பார்ப்பம்

எங்கட நூலகத்தின் மேல்மாடியில் ஒரு அண்ணா இருப்பார். பட்டம் முடிச்சு மூண்டு வருசம். வர்த்தமானியில் போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரினால் போதும், பழைய வினாத்தாள் கட்டோடு வந்துவிடுவார். "எவ்வளவு காலம் படிச்சாக் காணும் அண்ணா?" எண்டு ஒருநாள் கேட்டன். "அது தெரிஞ்சா நான் ஏன் இன்னும் இங்க இருக்கிறன்?" எண்டு சிரிச்சார்.

இதே கேள்வியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நாடு ஒன்று இருக்கிறது. சீனாவில் சுயி வம்சக் காலத்தில், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேர்விட்ட அரச பரீட்சை முறை 1905 வரை நீடித்தது. அதிகாரியாக வேண்டுமா? பரீட்சை எழுது. பெண்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் ஏழை விவசாயியின் மகனும் எழுதலாம். அந்த 'எழுதலாம்' என்ற சொல்தான் ஆட்களைக் கட்டிப் போட்டது.

தயாரிப்பு சின்ன வயதிலேயே தொடங்கும். கன்பூசிய நூல்களை, மொத்தமாக நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துக்களை, மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு மாவட்டம், மாகாணம், தலைநகரம் எண்டு படிபடியாகப் பரீட்சைகள். மாகாணப் பரீட்சை வழமையாக மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். சின்ன அறைக்குள் இரண்டு பலகை. அதுவே மேசை, அதுவே கட்டில். அப்படி இருந்து நாட்கணக்கில் எழுதினாலும் பிற்காலத்தில் நூற்றில் ஒருவர் இருவர்தான் தேறினார்கள். மற்றவர்கள் எல்லாம் சோம்பேறிகளா? இல்லை. இடங்களே அவ்வளவுதான். எல்லாரும் இரண்டு மடங்கு படித்திருந்தாலும் தேறுகிறவர்களின் எண்ணிக்கை கூடியிருக்காது.

இரண்டு பேரைப் பாருங்கோ.

பு சோங்லிங் ஷான்டோங் மாகாணத்துக்காரர், 1640இல் பிறந்தவர். 1658இல் முதற்படியை முதல் ஆளாகத் தாண்டினார். ஊரே பெரிய அதிகாரி வரப்போகிறார் எண்டு நினைத்திருக்கும். மாகாணப் பரீட்சையில் மட்டும் வாழ்நாள் முழுக்கத் தோற்றார். வசதியான குடும்பம் ஒன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வயிற்றைக் கழுவினார். அந்த இடைவெளியில் பேய், நரி, மாயம் எண்டு கிட்டத்தட்ட 500 கதைகள் எழுதிச் சேர்த்தார். ஒரு கதையில் கண் தெரியாத துறவி ஒருவர், எரித்த விடைத்தாளின் சாம்பலை மணந்தே தரம் சொல்வார். அவருக்குக் குமட்டலை வரவழைத்த கட்டுரைக்காரன்தான் கடைசியில் சித்தியடைவான்! எழுபது வயது தாண்டிய பிறகே அவருக்கு ஒரு பெயரளவிலான தகுதி கிடைத்தது. இன்று அவரை உலகம் நினைப்பது அந்தக் கதைகளுக்காக.

மற்றவர் ஹொங் சியூசுவான். குவாங்டோங்கில் ஒரு விவசாயக் குடும்பம், கெட்டிக்காரப் பிள்ளை. முதற்படித் தகுதிக்காக நான்கு தடவை எழுதி நான்கிலும் தோல்வி. 1837இல் தோற்றபின் படுத்த படுக்கையாகி விசித்திரக் காட்சிகள் கண்டார். 1843இல் நான்காவது தோல்வி. அதன்பின் தன்னை இயேசுவின் தம்பி எண்டு அறிவித்தார். அவர் தொடங்கிய தைப்பிங் கிளர்ச்சியில், 1864 வரை, இரண்டு கோடிப் பேர் வரை இறந்ததாகக் கணிக்கிறார்கள். பசி, காணிப் பிரச்சினை, அபினிப் போரில் நொந்த அரசு எண்டு காரணங்கள் பல இருந்தன. பரீட்சை மட்டும் காரணமில்லை. ஆனாலும் ஒண்டு யோசிக்க வைக்குது. 1853இல் நாஞ்சிங்கைப் பிடித்த பிறகு அவருடைய அரசும் பரீட்சை வைத்தது. தன்னைத் தோற்கடித்த அளவுகோலை அவராலேயே கைவிட முடியவில்லை.

1905இல் ஒரே ஆணையில் முழு முறையும் ஒழிந்தது. அன்று பாதி வழியில் நின்றவர்களின் மனப்பாடத்துக்கு ஒரே நாளில் விலை இல்லாமல் போனது.

அப்ப எவ்வளவு காலம் படிக்கலாம்? மணிக்கணக்கை வரலாறு சொல்லாது. எனக்குப் பட்டது இரண்டு விசயம். எத்தனை தடவை எழுதுவது எண்டதை முதல் தோல்விக்கு முன்னமே முடிவெடுக்கோணும். தோற்றபிறகு 'இன்னும் ஒருக்கா' எண்டுதான் மனசு சொல்லும். மற்றது, பரீட்சையால் அளக்க முடியாத ஒரு வேலையையும் பக்கத்தில் வைத்திருக்கோணும்.

இதை அந்த அண்ணாவிடம் சொன்னன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு வினாத்தாளைத் திருப்பி, அதன் வெறும் பக்கத்தில் தான் கீறியிருந்த நூலகத்துப் பூனையின் படத்தைக் காட்டினார். நல்லாத்தான் இருந்தது.