ஒரு மொபெட்டும் ஒரு வேலை அனுமதிச் சீட்டும்



போன வாரம் துபாயிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் அழைத்தான். பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவன். ஒன்பது வருடமாக அங்கே ஏசி மெக்கானிக். "சார், போலந்துக்கு ஒர்க் பெர்மிட் எடுத்துத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். நாலு லட்சம் ஆகுமாம். பாதியை இப்பவே கட்டணுமாம். ஐரோப்பா சார், போய்ட்டா அப்புறம் குடும்பத்தையும் கூட்டிக்கலாம்ங்கறார். கட்டலாமா?" என்று கேட்டான்.

நான் வக்கீலும் இல்லை, ஏஜென்டும் இல்லை. எனக்குத் தெரிந்தது வரலாறு மட்டும்தான். "ரெண்டு நாள் பொறுப்பா, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கேயே எழுதுகிறேன். சவூதியிலும் கத்தாரிலும் மலேசியாவிலும் இருக்கிற நம் பிள்ளைகள் பலருக்கு இதே ஆசை காட்டப்படுகிறது என்பது எனக்குத் தெரியும்.

கூலி வேலைக்கு வெளிநாட்டு ஆட்களை ஐரோப்பா கூப்பிடுவது புதிய கதை அல்ல. இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான மேற்கு ஜெர்மனி பத்தே வருடத்தில் எழுந்து நின்றது. ஆலைகள் ஓடின, ஆள்தான் போதவில்லை. 1955 டிசம்பரில் இத்தாலியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 1960இல் ஸ்பெயின், கிரீஸ். 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழும்பியது. அதுவரை கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த ஆட்களும் நின்றுபோனார்கள். அதே வருடம் அக்டோபர் 30 அன்று துருக்கியோடு ஒப்பந்தம் ஆயிற்று. பிறகு மொராக்கோ, போர்ச்சுகல், துனிசியா, கடைசியாக 1968இல் யூகோஸ்லாவியா. தென் கொரியாவிலிருந்து சுரங்கத் தொழிலாளிகளும் நர்சுகளும் போனார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் 'விருந்தாளித் தொழிலாளி'. விருந்தாளி என்றால் என்ன பொருள்? வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்பதுதான்.

அன்றைக்கு விண்ணப்பம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதில்தான் நம் பையனுக்கான பதில் இருக்கிறது.

துருக்கியில் ஒருவன் ஜெர்மனிக்குப் போக வேண்டுமானால் முதலில் தன் நாட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும். நம் ஊரில் எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டுக் காத்திருந்தோமே, அதே மாதிரி. இஸ்தான்புல்லில் ஜெர்மன் அரசின் தொழிலாளர் துறை ஒரு தொடர்பு அலுவலகம் திறந்திருந்தது. ஜெர்மனியில் ஆள் தேவைப்படும் கம்பெனி அங்குள்ள அரசு அலுவலகத்தில் கேட்கும்: இத்தனை பேர், இன்ன வேலை, இவ்வளவு கூலி. அந்தக் கோரிக்கை இஸ்தான்புல்லுக்கு வரும். அதற்கேற்ப வரிசையில் இருப்பவர்களைக் கூப்பிடுவார்கள். ஆளைப் பிடித்துத் தருவதற்கான கட்டணத்தைக் கம்பெனிதான் அந்த அலுவலகத்துக்குச் செலுத்தியது.

இந்த வரியை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். கட்டணம் கட்டியது முதலாளி. தொழிலாளி அல்ல.

அழைப்பு வந்தவனுக்கு அடுத்தது சோதனை. எழுதப் படிக்கத் தெரியுமா, சொன்ன தொழில் உண்மையிலேயே கைவருமா என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை. உள்ளாடையோடு வரிசையாக நிற்க வைத்து, பல்லைப் பார்த்து, ரத்தமும் சிறுநீரும் எடுத்து, நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். ஆளுக்கு ஓர் எண். அதை உடம்பிலேயே மையால் எழுதினார்கள். ழான் மோர் என்ற சுவிஸ் புகைப்படக்காரர் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. ஜான் பெர்ஜர் எழுத்தோடு 1975இல் புத்தகமாகவும் வந்தது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த நினைவு வராமல் அந்தப் படங்களைப் பார்க்க முடியாது.

தேறியவன் கையில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதுதான் வேலை அனுமதி. ஒரு வருடத்துக்கு, ஒரே ஒரு முதலாளியிடம் வேலை செய்ய அனுமதி. வேலை பிடிக்கவில்லை என்று வேறு இடம் மாற முடியாது. வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பிறகு இஸ்தான்புல்லின் சிர்கெஜி நிலையத்திலிருந்து ரயில். இரண்டு நாளுக்கு மேல் உட்கார்ந்தே பயணம். மியூனிக் நிலையத்தின் 11ஆம் நடைமேடையில் இறங்கினால், அதன் அடியில் போர்க்காலத்தில் கட்டிய பதுங்கு அறைதான் வரவேற்பு இடம். அங்கே சாப்பாடு கொடுத்து, எந்த ஊருக்கு எந்தக் கம்பெனிக்கு என்று பிரித்து அனுப்பினார்கள்.

இத்தனை சிரமம் இருந்தும் கூட்டம் குறையவில்லை. 1961 முதல் 1973 வரை துருக்கியில் பதிவு செய்தவர்கள் சுமார் 26 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் இடம் கிடைத்தது. மற்றவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? சுற்றுலாப் பயணி என்று சொல்லி உள்ளே போய், சீட்டு இல்லாமல் வேலை தேடினார்கள். அவர்களை நம்பித் தரகர்கள் முளைத்தார்கள். வரிசை நீளமாக இருக்கிற இடத்தில் எல்லாம் பக்கத்துக் கதவைக் காட்ட ஒருவன் வந்துவிடுவான். சினிமா கொட்டகை டிக்கெட் முதல் இதுதான் நடக்கிறது.

இனி அந்த மொபெட் கதை. 1964 செப்டம்பர் 10. கொலோன் நகரத்து டாய்ட்ஸ் நிலையத்துக்கு ஸ்பெயின், போர்ச்சுகல் தொழிலாளிகளோடு ஒரு சிறப்பு ரயில் வந்து நிற்கிறது. பேண்ட் வாத்தியம், பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெயரைக் கூப்பிடுகிறார்கள்: அர்மாந்து ரொட்ரீகஸ் டெ சா. போர்ச்சுகலின் சின்ன கிராமத்துத் தச்சர், வயது 38. பெயரைக் கூப்பிட்டதும், ஏதோ காகிதத்தில் கோளாறு, திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று மனிதர் பயந்துபோனாராம். ஆனால் அவர்தான் ஜெர்மனிக்கு வந்த பத்து லட்சமாவது விருந்தாளித் தொழிலாளி! கையில் பூங்கொத்து கொடுத்து, ஒரு புது மொபெட்டைப் பரிசாகத் தந்தார்கள். நம்ம ஊர் டிவிஎஸ் 50 மாதிரி ஒரு வண்டி. தலையில் தொப்பியோடு அதன் மேல் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் அவருடைய படம் ஜெர்மனியின் பாடப்புத்தகங்களில் இன்றும் வருகிறது.

பத்திரிகைகள் அதோடு அவரை மறந்துவிட்டன. அவர் பல ஊர்களில் உழைத்தார். மனைவி மக்கள் போர்ச்சுகலிலேயே இருந்தார்கள். சம்பளத்தில் மாதாமாதம் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் பிடித்தம் நடந்தது. உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினார். வயிற்றில் புற்றுநோய். நோயுற்ற தொழிலாளிக்கு ஜெர்மனியில் உதவித்தொகை உண்டு என்பது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. கட்டிய ஓய்வூதியப் பணத்தை மொத்தமாக எடுத்து வைத்தியத்துக்குச் செலவழித்தார். 1979இல் 53 வயதில் இறந்துபோனார். அந்த மொபெட் இப்போது பான் நகரத்து அருங்காட்சியகத்தில் பளபளப்பாக நிற்கிறது.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "ஏன் சார் அவர் யார்கிட்டயும் கேட்கல?" மொழி தெரியாது, காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. கேட்கலாம் என்பதே தெரியாது. அவ்வளவுதான்.

விருந்தாளிகள் உண்மையில் கிளம்பினார்களா? பெரும்பாலோர் கிளம்பினார்கள். 1955 முதல் 1973 வரை வந்தவர்கள் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர், திரும்பியவர்கள் சுமார் 1 கோடியே 10 லட்சம். துருக்கியரை இரண்டு வருடத்தில் திருப்பி அனுப்ப வேண்டும் என்றுதான் முதல் ஒப்பந்தம் சொன்னது. முதலாளிகளே அதை எதிர்த்தார்கள். இரண்டு வருடம் தொழில் கற்றுக்கொடுத்து, கை பழகியதும் அனுப்பிவிட்டு, மறுபடி புது ஆளுக்குக் கற்றுக்கொடுப்பதா? 1964இல் அந்த நிபந்தனை போயிற்று. பிறகு 1973இல் எண்ணெய் நெருக்கடி. நவம்பர் 23 அன்று, இனி ஆள் எடுப்பதில்லை என்று ஜெர்மனி கதவைச் சாத்தியது. ஒரே நாளில் சாத்திய கதவு அது. காத்திருந்த லட்சக்கணக்கானவர்களின் பதிவு வெறும் காகிதமாயிற்று. உள்ளே இருந்தவர்களோ, வெளியே போனால் திரும்ப முடியாது என்று அங்கேயே தங்கி, குடும்பத்தை வரவழைத்துக்கொண்டார்கள்.

நமக்குப் பக்கத்துக் கதையும் உண்டு. 1960களில் கேரளத்துக் கிராமங்களிலிருந்து கத்தோலிக்க சபை வழியாக இளம்பெண்கள் ஜெர்மன் மருத்துவமனைகளுக்கு நர்சு வேலைக்குப் போனார்கள். எத்தனையோ குடும்பங்கள் அவர்கள் அனுப்பிய பணத்தில் தலை நிமிர்ந்தன. 70களின் நடுவில் நிலைமை மாறியதும் பலருக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தார்கள், ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. தங்கியவர்களைத் திருமணம் செய்துபோன கணவர்களுக்குப் பல வருடம் வேலை செய்ய அனுமதி கிடையாது. குடும்பத்தைக் கூட்டிக்கொள்வது ஒன்று. அவர்கள் அங்கே உழைத்துச் சாப்பிட அனுமதி கிடைப்பது வேறொன்று.

இப்போது நம் துபாய் பிள்ளைக்கு வருகிறேன்.

தம்பி, அறுபது வருடத்தில் எவ்வளவோ மாறிவிட்டது. ஜெர்மனி 2020இல் திறன் தொழிலாளர்களுக்கென்று புதுச் சட்டம் கொண்டுவந்தது. 2022இல் இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டது. கதவு திறந்துதான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் அடிப்படை மாறவில்லை. போலந்தில் இன்றும் வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பது முதலாளி. அந்த மாகாண அரசு அலுவலகத்தில் அவர் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதியில் கம்பெனி பெயர், வேலை, சம்பளம் எல்லாம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நீ தூதரகத்தில் விசா கேட்க வேண்டும். அனுமதி வந்தாலும் விசா மறுக்கப்படலாம். இரண்டும் வெவ்வேறு. விசாவுக்குப் பணம் கைமாறியதாக எழுந்த விவகாரத்தில் 2023இல் அந்த நாட்டுத் துணை வெளியுறவு அமைச்சரே பதவி இழந்தார் என்பதையும் நினைவில் வை.

ஆகவே அந்த மனிதரிடம் இதையெல்லாம் கேள். எந்தக் கம்பெனி? எந்த ஊர்? என்ன வேலை, கையில் எவ்வளவு? ஒப்பந்தம் எனக்குப் புரியும் மொழியில் கிடைக்குமா? விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா, அதை எழுத்தில் தருவீர்களா? நீங்கள் இந்திய அரசிடம் பதிவு பெற்ற முகவரா, பதிவு எண் என்ன? பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். நாலு லட்சம் எங்கே, முப்பதாயிரம் எங்கே! பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். நம் தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் ஒன்று சென்னையில் இருக்கிறது. அங்கேயும் விசாரி.

இதை அவனிடம் போனில் சொன்னேன். நேற்று இரவு திரும்ப அழைத்தான். "கம்பெனி பேரைக் கேட்டேன் சார். பணம் கட்டினப்புறம் சொல்றேன்னார்" என்றான். சிறிது நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவனே, "மனைவி நகையை வைக்கலாம்னு இருந்தேன் சார்" என்றான். வைக்கவில்லை. அதுவரைக்கும் நிம்மதி.

ஆனால் அவன் ஆசை போய்விடவில்லை, போகவும் வேண்டாம். ஒன்பது வருட அனுபவம் உள்ள மெக்கானிக் அவன். ஜெர்மன் மொழி வகுப்பில் சேரப் போகிறானாம். "நாப்பது வயசுல ஏபிசிடி படிக்கிறேன் சார்" என்று சிரித்தான். படிக்கட்டும்.

உங்களில் ஐரோப்பாவில் முறையான வழியில் வேலைக்குப் போனவர்கள் சிலர் இருக்கிறீர்கள். எப்படிப் போனீர்கள், எவ்வளவு செலவாயிற்று, எத்தனை மாதம் ஆயிற்று என்று கீழே எழுதுங்கள். அவனுக்கு மட்டுமல்ல, வேறு சிலருக்கும் உதவும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்