ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு முகாம்

இன்னைக்கு எபிசோட் ஒரு எக்செல் ஷீட்ல இருந்து ஆரம்பிக்குது.

என் அக்கா குடும்பம் சிகாகோ பக்கத்தில் இருக்கிறது. அக்கா பையனுக்குப் பன்னிரண்டு வயசு, அங்கே ஒரு சாரணர் ட்ரூப்பில் இருக்கிறான். அத்தான் அந்த ட்ரூப்புக்கு உதவித் தலைவர். ஒரு நாள் ராத்திரி அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தது. "மச்சான், அடுத்த கோடைக்கு எந்த முகாம் போறதுன்னு லிஸ்ட் போட்டிருக்கோம். நீதான் சாஃப்ட்வேர் ஆளாச்சே, மார்க் போட ஒரு ஃபார்முலா எழுதிக் குடு."

ஃபார்முலா அஞ்சு நிமிஷ வேலை. ஆனால் அந்த ஷீட்டில் ரெண்டு விஷயம் என்னை நிறுத்தியது. ஒன்று, 'வேற மாநிலமா?' என்று ஒரு காலம். மொத்தம் ஒன்பது முகாம். அதில் 'நம்ம கவுன்சில் முகாம்' என்று மஞ்சள் அடித்திருந்த வரியிலும் அந்தக் கட்டத்தில் 'ஆமாம்' என்றே இருந்தது. சிகாகோ இருப்பது இல்லினாய் மாநிலத்தில். சிகாகோ பசங்களின் சொந்த முகாம் இருப்பதோ மிச்சிகன் மாநிலத்தில், ஏரிக்கு அந்தப் பக்கம். மதுரைக்காரங்க நம்ம பூங்கான்னு ஒண்ணு வாங்கி அதைக் கேரளாவில் வைத்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

இன்னொன்று, ஷீட்டின் ஓரத்தில் அக்கா தனியாகச் சேர்த்திருந்த ஒரு காலம். தலைப்பு: 'ராத்திரி டெண்ட்ல யார் கூட?' அதன் கீழே ஒன்பது கட்டமும் காலி.

இந்த ரெண்டு காலத்தையும் நிரப்பப் போய்த்தான் நான் நூறு வருஷ வரலாற்றுக்குள் விழுந்தேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிடறேன். அமெரிக்க சாரணர் இயக்கம் 1910 பிப்ரவரி 8-ம் தேதி பதிவானது. பதிவு செய்தவர் வில்லியம் பாய்ஸ், சிகாகோவில் பத்திரிகை நடத்தியவர். 2019-லிருந்து பெண் பிள்ளைகளுக்கும் ட்ரூப் உண்டு. 2025-லிருந்து இயக்கத்தின் பெயர் 'ஸ்கௌட்டிங் அமெரிக்கா'. ஒரு ட்ரூப் ஏதாவது சர்ச்சோ பள்ளியோ சங்கமோ ஆதரிக்க நடக்கும். ஒரு வட்டாரத்தின் ட்ரூப்கள் எல்லாம் ஒரு கவுன்சிலின் கீழே வரும். முகாம் நிலம் பெரும்பாலும் கவுன்சிலுடைய சொத்து. ஆனால் சொந்த கவுன்சில் முகாமுக்குத்தான் போகணும்னு கட்டாயம் கிடையாது. எந்த மாநிலத்துக்கு வேணும்னாலும் போகலாம்.

அதை முடிவு செய்வது யார் தெரியுமா? பசங்கதான். ட்ரூப்பில் சின்னச் சின்ன அணிகள் இருக்கும், அதுக்குத் தலைவர்களும் பசங்களே. அந்தத் தலைவர்கள் சேர்ந்து உட்கார்ந்துதான் வருஷத் திட்டம் போடணும் என்பது விதி. பெரியவர்கள் கணக்குப் பார்க்கலாம், வண்டி ஓட்டலாம், ஷீட் தயார் பண்ணலாம். (நம்ம ஊர்ல ஸ்கூல் டூருக்கு எங்கே போறதுன்னு நம்மகிட்ட யாராவது கேட்டிருக்காங்களா? எனக்கு நினைவு தெரிஞ்சு இல்லை.)

சரி, மிச்சிகன் எப்படி வந்தது?

1871-ல் சிகாகோ எரிந்தது. பெரும்பாலும் மரத்தால் கட்டிய ஊர். நகரத்தின் நடுப்பகுதியே சாம்பலானது. திரும்பக் கட்டுவதற்கு மரம் வேண்டும். ஏரிக்கு அந்தப் பக்கம், மேற்கு மிச்சிகனில் வெள்ளைப் பைன் காடு. மஸ்கீகன் என்ற துறைமுக ஊரில் வரிசையாக மர அறுவை ஆலைகள். வெட்டின மரம் ஆற்றில் மிதந்து வரும், ஆலையில் பலகையாகும், கப்பலில் ஏரியைத் தாண்டி சிகாகோவுக்குப் போகும். இருபது, இருபத்தைந்து வருஷம் இப்படியே ஓடியது. 1890-கள் முடிவதற்குள் வெட்ட மரம் இல்லை. ஆலைகள் மூடின. மிச்சம் இருந்தது அடிக்கட்டைகளும் மணலும். அந்த மணலில் விவசாயமும் சரியாக வராது. அதனால் நிலம் மலிவு.

இந்தப் பக்கம் சிகாகோவைப் பாருங்க. தொழிற்சாலைப் புகை, இறைச்சிக்கூடங்கள், நெருக்கமான குடியிருப்புகள். நகரத்தைத் தாண்டினால் தட்டையான சோள வயல், விலை உயர்ந்த நல்ல மண். பசங்க போய்க் கூடாரம் போட ஏரியும் மரமும் சேர்ந்த பெரிய இடம் பக்கத்தில் கிடைப்பது கஷ்டம். 1911-லேயே சிகாகோ கவுன்சில் மிச்சிகன் பக்கம் போய்விட்டது. இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிற மிகப் பழைய சாரணர் முகாம்களில் அது ஒன்று. பெயர் ஒவாசிப்பி. ஆரம்ப காலத்தில் பசங்க நீராவிக் கப்பல் ஏறி ஏரியைக் கடந்து போனார்கள். பலகை வந்த அதே ஏரி, எதிர்த் திசையில். தன் ஊரைக் கட்டுவதற்காக மொட்டையான வட்டாரத்துக்கு, 'காடு' பார்க்க.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. ஆனால் காடு திரும்ப வளர்ந்தது. இன்று அங்கே சுமார் 4,800 ஏக்கர். ஓக், பைன், பல ஏரிகள். அழிவின் விளிம்பில் இருக்கிற கார்னர் நீல வண்ணத்துப்பூச்சிக்கும் அது வீடு.

அந்தப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. ஒவாசிப்பி என்ற பூர்வகுடித் தலைவர். அவருடைய ரெண்டு பிள்ளைகள் படகில் சிகாகோ பக்கம் வியாபாரத்துக்குப் போனார்கள், திரும்பவே இல்லை. அப்பா ஒரு மரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தே உயிரை விட்டாராம். இது முகாமில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிற கதை, ஆவணம் இல்லை. வெள்ளைக்காரப் பசங்களின் முகாம்கள் பூர்வகுடிப் பெயரையும் கதையையும் இப்படி இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டது தனி எபிசோடுக்கான சமாச்சாரம். ஆனாலும் இந்தக் கதையை அக்காவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பையனை அனுப்பியிருக்கவே மாட்டாள்.

ஷீட்டின் கடைசி வரிக்கு வருவோம். சிவப்பு எழுத்தில் 'ஃபில்மாண்ட் — ரெண்டு வருஷம் கழிச்சு' என்று அத்தான் போட்டிருந்தார். அமெரிக்க சாரணர் எவரைக் கேட்டாலும் கனவு முகாம் என்று சொல்கிற பெயர். நியூ மெக்சிகோ மாநிலம், சிமரான் என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில். பதிமூன்று வயதாகி எட்டாம் வகுப்பு முடித்திருக்கணும், இல்லை பதினான்கு வயது ஆகியிருக்கணும். அங்கே ஒரே இடத்தில் தங்குவது இல்லை. பெரிய நடை என்றால் பன்னிரண்டு நாள், மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மலையில் நடக்கணும். உச்சி 12,441 அடி. நம்ம தொட்டபெட்டா 8,650 அடிதான்!

இந்த நிலம் ஒரு எண்ணெய் முதலாளியின் தானம். வெய்ட் ஃபிலிப்ஸ், ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்துக்காரர். 1938-ல் தன் பண்ணையிலிருந்து 35,857 ஏக்கரைச் சாரணர்களுக்குக் கொடுத்தார். 1941-ல் மேலும் 91,000 ஏக்கருக்கு மேல். ரெண்டாம் முறை கொடுத்தபோது அவர் செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. டல்சாவில் தனக்குச் சொந்தமான ஃபில்டவர் என்ற பல மாடிக் கட்டடத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். காட்டை மட்டும் கொடுத்தால் அதைப் பராமரிக்கப் பணம் எங்கிருந்து வரும்? அதனால் ஒரு மாநிலத்தின் ஆபீஸ் வாடகை, இன்னொரு மாநிலத்தின் மலையைக் காப்பாற்றட்டும் என்று. கோயிலுக்குச் சிலை மட்டும் வைக்காமல், விளக்கெரிக்க நிலமும் எழுதி வைப்பாங்களே, அதே புத்தி. சிகாகோவிலிருந்து கிளம்பும் சவுத்வெஸ்ட் சீஃப் ரயிலில் ஏறி, ரட்டோன் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கும் கூட்டத்தில் கோடைக்காலத்தில் முக்கால்வாசி தொப்பியும் மூட்டையும்தான் என்று ரயில் ரசிகர்கள் சொல்வார்கள்.

இப்படி நிலம் பல கைகளில் இருந்து வந்தது. அது எந்தக் கைக்குப் போகிறது என்பதுதான் கஷ்டமான பகுதி.

அக்காவின் காலி காலத்துக்கு வருவோம். சாரணர் தலைமையகம் 1920-களிலிருந்தே ஒரு ரகசியக் கோப்பு வரிசை வைத்திருந்தது: 'தகுதியற்ற தன்னார்வலர்கள்'. பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாகச் சந்தேகப்பட்டவர்களின் பெயர்கள் அதில் நிறைய. திரும்ப உள்ளே வராமல் தடுக்கத்தான் அந்தப் பட்டியல் என்றார்கள். ஆனால் பல நேரம் போலீசுக்கும் போகவில்லை, பெற்றோருக்கும் போகவில்லை. ஒரெகன் மாநிலத்தில் ஒரு வழக்கு. 2010-ல் நடுவர் குழு 1.85 கோடி டாலர் தண்டனை இழப்பீடு விதித்தது. 2012-ல் அந்த மாநில உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 1,200-க்கும் மேற்பட்ட கோப்புகள் வெளியே வந்தன. 1965 முதல் 1985 வரைக்கும் உள்ளவை மட்டும். அதில் திரும்பத் திரும்ப வருகிற இடம் முகாம், கூடாரம்.

அப்புறம் பல மாநிலங்கள் பழைய வழக்குகளுக்கான காலக்கெடுவைத் தளர்த்தின. வழக்குகள் குவிந்தன. 2020 பிப்ரவரியில் தலைமையகம் திவால் மனு போட்டது. கோரிக்கைகளுக்கு நவம்பர் வரை அவகாசம் கொடுத்தார்கள். வந்தவை 82,000-க்கும் மேல்.

எண்பத்திரண்டாயிரம். கொஞ்சம் நிறுத்திக்கறேன்.

கடைசியில் அமைந்த இழப்பீட்டு நிதி சுமார் 246 கோடி டாலர். 2023-ல் திட்டம் அமலுக்கு வந்தது. அதில் 50 கோடிக்கு மேல் உள்ளூர் கவுன்சில்கள் பணமாகவும் சொத்தாகவும் கொடுக்க வேண்டியது. கவுன்சிலிடம் இருக்கிற சொத்து என்ன? முகாம் நிலம். அதனால் நாடு முழுக்க முகாம்கள் விற்பனைக்கு வந்தன. ஃபில்மாண்டே தப்பவில்லை. திவாலுக்கு முந்தின வருஷம், 44.6 கோடி டாலர் கடனுக்கு ஈடாக அதை வங்கியிடம் வைத்திருந்தார்கள். விளக்கெரிக்க எழுதி வைத்த நிலம் அடகுக்கடைக்குப் போன கதைதான்.

'எங்க முகாமை வித்துட்டாங்க, அதனால இந்த வருஷம் வேற மாநிலம்' என்று ஆதங்கப்படுகிற பெற்றோர் நிறைய. ஆதங்கம் நியாயம்தான். அப்பா நீச்சல் கற்ற ஏரியில் பையன் இறங்க முடியாது. ஆனால் அந்த வாக்கியத்தை அங்கேயே நிறுத்தக் கூடாது என்பது என் கருத்து. யாருக்குத் தர வேண்டிய கடனுக்காக விற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். அதே மாதிரி ஒரு கூடாரத்தில் படுத்திருந்த பையனுக்குத் தர வேண்டியது. அவனுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயசு. அதே சமயம் எல்லாப் பழியையும் இதன் தலையில் போடுவதும் பொய். உறுப்பினர் எண்ணிக்கை பல வருஷமாகவே குறைந்துகொண்டு வந்தது, முகாம்களைக் கவுன்சில்கள் அதற்கு முன்பிருந்தே விற்றுக்கொண்டுதான் இருந்தன.

அதுக்கு ஒவாசிப்பியே சாட்சி. திவாலுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, 2000-களில், சிகாகோ கவுன்சில் அதை ஒரு கட்டுமானக்காரருக்கு சுமார் 1.9 கோடி டாலருக்கு விற்கப் பார்த்தது. பழைய சாரணர்கள் கொதித்தார்கள். ஆனால் விற்பனையைத் தடுத்தது அவர்கள் பாசம் மட்டும் இல்லை, மிச்சிகன்காரர்களின் ஊராட்சி. இந்த நிலம் காடு, பொழுதுபோக்கு வகை. வீட்டு மனையாக மாற்ற மாட்டோம் என்று ப்ளூ லேக் டவுன்ஷிப் மறுத்தது. கவுன்சில் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது. வாங்குகிறவர் விலகினார். பாருங்க, முகாம் சிகாகோ பக்கத்திலேயே இருந்திருந்தால் என்றைக்கோ அடுக்குமாடியாகியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேற மாநிலத்தில், வேற ஆட்களின் விதிக்குள் இருந்ததால் பிழைத்தது.

இப்போது அக்காவின் காலம். இன்றைய விதிகள் எல்லா முகாமுக்கும் ஒன்றுதான். அதனால் ஒன்பது கட்டத்திலும் ஒரே பதிலை ஒட்டினேன். பெரியவரும் பிள்ளையும் ஒரே கூடாரத்தில் கிடையாது, சொந்த அப்பா அம்மாவாக இருந்தாலும் சரி. ஒரு கூடாரத்தில் ரெண்டு பிள்ளைகள் என்றால் வயசு வித்தியாசம் ரெண்டு வருஷத்துக்கு மேல் கூடாது. பெரியவர் ஒருவர், பிள்ளை ஒருவன் என்று தனியாக எங்கேயும் இருக்கக் கூடாது. இருபத்தொரு வயது தாண்டி, பதிவு செய்த ரெண்டு பெரியவர்களாவது கூடவே இருக்கணும். 2023 செப்டம்பரிலிருந்து ஒரு ராத்திரி தங்குகிற பெற்றோர்கூடப் பதிவு செய்து, பின்னணிச் சோதனையும் பயிற்சியும் முடிக்கணும்.

அக்கா பதிலைப் படித்துவிட்டு ஃபோன் பண்ணினாள். "விதி நல்லாத்தான்டா இருக்கு. அப்பவும் ஏதோ விதி இருந்திருக்கும்ல?"

என்னிடம் பதில் இல்லை.

ஃபார்முலாப்படி முதலிடம் வந்தது விஸ்கான்சினில் ஒரு முகாம். கட்டணம் குறைவு, மெரிட் பேட்ஜ் அதிகம். அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பசங்க கூடி உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள்: ஒவாசிப்பி.

"ஏன்டா?" என்று மருமகனிடம் கேட்டேன்.

"மாமா, அங்க ஏரி நிறைய இருக்கு. அப்புறம் என் ஃப்ரெண்டோட தாத்தா அங்க போனாராம், சாப்பாடு நல்லா இருக்காதாம். ஆனா போகணும்னு சொன்னாரு."

அக்கா பதிவு பண்ணி, ஆன்லைன் பயிற்சியையும் முடித்துவிட்டாள். முதல் ரெண்டு ராத்திரி அவளும் போகிறாள், தனிக் கூடாரம். பையனுக்கு அது இன்னும் தெரியாது, அவன் இந்த பாட்காஸ்ட் கேட்கிறது இல்லை.